செஞ்சிக்குப் பொழுது சாயும் நேரம்

கலைமதியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் அவளுடைய சிரிப்புதான் காதில் விழுகிறது. செஞ்சி பேருந்து நிலையத்துக்கு எதிர் வரிசையில், செருப்புக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவே, எட்டடிக்குப் பத்தடி அறையில் இணையச் சேவைக் கடை வைத்திருக்கிறாள். கம்ப்யூட்டர் தகராறு செய்தால் மற்றவர்கள் தலையில் கை வைத்துக்கொள்வார்கள். இவள் எதிராளி வசமாக மாட்டிக்கொண்டதைப் போலச் சிரித்துவிட்டு, "இன்னாடா, இன்னிக்கு இன்னா உன் பிரச்சினை?" என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வாள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. நான் பூகோள ஆசிரியை. இந்திய வரைபடத்தில் அந்தமானை விட்டுவிட்டு வரும் பிள்ளையைப் பார்த்தாலே எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

அவளுக்கு முப்பத்தாறு வயது. திண்டிவனத்தில் பி.சி.ஏ. படித்தாள். சென்னையில் ஒரு கம்பெனியில் மூன்று வருடம் இணையதளம் செய்யும் வேலை. குழந்தை பிறந்ததும் ஊருக்கு வந்து இந்தக் கடையைப் போட்டாள். கணவன் வீரமணி வேன் ஓட்டுகிறான். அவளுடைய அம்மா சின்னப்பொண்ணு என் மாமனாரின் தொண்டூர் நிலத்தில் மணிலா என்கிற நிலக்கடலைக்குக் களை எடுத்தவர். எங்கள் வீட்டு ஆண்களை அந்த அம்மாள் இன்றைக்கும் "நைனாரே" என்றுதான் கூப்பிடுவார். கலைமதி "சார்" என்பாள். எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது.

எங்களுடையது தமிழ் ஜைனக் குடும்பம், நைனார் என்பது எங்கள் பட்டப்பெயர். பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடுவதில்லை. கட்டுப்பாடாக இருப்பவர்கள் அஸ்தமனத்துக்கு இரண்டு நாழிகை முன்னதாக, அதாவது நாற்பத்தெட்டு நிமிடம் முன்னதாகவே, இலையை மடித்துவிடுவார்கள். பள்ளிக்கூடம் விட்டு, பஸ் பிடித்து வீட்டுக்கு வருவதற்குள் எனக்கு இது தினமும் ஓட்டப் பந்தயம். மாதத்துக்கு மாதம் நேரம் வேறு மாறும். போன பங்குனியில் கலைமதியின் கடைக்குப் போனபோது, "இன்னிக்கு எத்தனை மணிக்குள்ள சாப்டணும்னு போனுக்கு ஒரு மெசேஜ் வர மாதிரி பண்ண முடியுமா, கலை?" என்று கேட்டேன்.

"பாக்கலாம், டீச்சர்" என்றாள். அவளிடம் 'தெரியாது' என்ற சொல்லே கிடையாது, 'பாக்கலாம்'தான். "எங்கம்மா சொல்லும், நைனாரு வூட்டு அடுப்பு பொழுதோட அணைஞ்சிடும்னு. அதுக்குத்தான கேக்கறீங்க?"

மூன்றாம் நாளே ஓர் இணையப் பக்கம் தயாராகிவிட்டது. ஊர் இருக்கும் இடத்தைச் சொன்னால் அன்றைய அஸ்தமனத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் வசதி அவள் எழுதும் கம்ப்யூட்டர் மொழியிலேயே இருக்கிறதாம். அவள் பிரவுசரில் அந்தப் பக்கத்தைத் திறந்து ஒரு பொத்தானை அமுக்கினால் எனக்குக் குறுஞ்செய்தி வரும். எனக்கு வந்தது பிறகு என் கணவர் மகாவீரனுக்கும் வந்தது. அவருக்கு வந்தது சொந்தக்காரர்களுக்குப் போனது. ஆனி மாதத்துக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள். எங்கள் கோயில் கமிட்டியே இதை ஏற்று நடத்தட்டும் என்று நான்தான் கொண்டுபோய்ச் சொன்னேன்.

கமிட்டிச் செயலாளர் சாந்திகுமார் உரக்கடை வைத்திருப்பவர். எனக்கு மாமா முறை. நேர்மையான மனிதர், ஆனால் நாக்கில் மட்டும் கொஞ்சம் முள். "நம்ம விரத சமாச்சாரம், ராஜமதி. வெளியாளு கையில குடுக்கறதா?" என்றார். கலைமதி உரக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் காதில் விழுந்தது எனக்குத் தெரியும். முகத்தில் ஒன்றும் காட்டாமல் கடைச் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ பாத்துக்குவா மாமா. நான் சொல்றேன்" என்று நான் அடித்துச் சொல்லிவிட்டேன். அன்றைக்கு வெளியே வந்து அவள் கேட்டது ஒன்றுதான். "டீச்சர், இது தப்பா போச்சுன்னா, மெசேஜ் தப்புன்னு சொல்ல மாட்டாங்க, இல்ல?" வெளியாளைத்தான் குறை சொல்வார்கள் என்று எங்கள் இருவருக்குமே தெரியும்.

பங்குனியில் தொடங்கியதிலிருந்து நான்கு மாதம் ஒரு குறையும் இல்லை. தினமும் பகல் இரண்டு மணிக்குக் கலைமதி பொத்தானை அமுக்குவாள், இருநூற்றுப் பன்னிரண்டு போன்களும் கினுகினுக்கும். ஆடி அமாவாசையன்று மாட்டிக்கொண்டாள். மேல்மலையனூர்க் கோயிலுக்கு அம்மாவை அழைத்துக்கொண்டு போனவள் கூட்டத்தில் சிக்கிவிட்டாள். ஸ்பெஷல் பஸ்கள் வரிசைகட்டி நின்றுவிட்டன. லட்சம் பேர் ஒரே இடத்தில் போனை எடுத்தால் சிக்னல் எங்கே இருக்கும்? அன்று செய்தி போகவில்லை.

மறுநாள் சாந்திகுமார் மாமா கலைமதியின் கடைக்கே வந்துவிட்டார். "ஒரு பொத்தான அமுக்க ஒரு ஆளு வேணும்னா, அந்த ஆளுக்கு ஜுரம் வந்தா நாங்க இன்னாம்மா பண்றது? ஆவணியில தசலட்சண பர்வம் வருது. பத்து நாளு. கோயில்லயே சாப்பாடு. ஒரு நாளு தவறுச்சுன்னாலும், இது வேணாம். பழையபடி காலண்டரப் பாத்துக்குவோம்."

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. கலைமதியும் அதை ஒப்புக்கொண்டாள். ஆள் இல்லாமலே சர்வர், அதாவது அந்தப் பக்கத்தை வைத்திருக்கும் வெளியூர்க் கம்ப்யூட்டர், தானாக இரண்டு மணிக்குத் தான் எழுதிய நிரலை ஓட்டும்படி செய்துவிடுவதாகச் சொன்னாள். அதற்குப் பிரவுசர் வேண்டாம். கமாண்டு லைன் என்ற கருப்புத் திரையில் ஒரு வரி கட்டளை கொடுத்தால் போதும்; அந்த வரியைத் தினமும் தட்டச் சொல்லி சர்வரிடமே ஒப்படைத்துவிடலாம். என் கண் முன்னால் தன் லேப்டாப்பின் கருப்புத் திரையில் ஓட்டிக் காட்டினாள். நேரம் அச்சாக வந்தது. "முடிஞ்சிது டீச்சர். இனிமே நான் மலையனூர்ல இருந்தாலும் சரி, மாமல்லபுரத்துல இருந்தாலும் சரி."

பர்வத்தின் முதல் நாள் இரண்டு மணி ஆயிற்று. செய்தி வரவில்லை.

இரண்டரைக்கு நான் போன் செய்தேன். அவள் ஏற்கெனவே சிரித்துக்கொண்டிருந்தாள். "பேரு லிஸ்ட்டக் காணோங்குது, டீச்சர். பக்கத்து அலமாரில இருக்குதுன்னு எழுதி வச்சிருந்தேன். பிரவுசர் வழியா வந்தா அந்த ரூம்லயே வந்து நிக்கும், பக்கத்து அலமாரி கைக்கு எட்டும். சர்வர் தானா ஓட்டும்போது தெருக்கோடில நின்னுக்கினு பக்கத்து அலமாரிய தேடுது. முழு விலாசத்தையும் எழுதிட்டேன். இன்னிக்கு கையால அனுப்பிட்டேன், பாருங்க." பார்த்தேன். 6.22 என்று வந்திருந்தது. சாப்பாடு தப்பியது. சாந்திகுமார் மாமாவுக்கு அரை மணி நேரத் தாமதம் உறுத்தியிருக்கும், ஆனாலும் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் ஆறாவது பீரியடில், எட்டாம் வகுப்புக்குப் பருவக்காற்று நடத்திக்கொண்டிருக்கும்போது செய்தி வந்தது. சரியாக இரண்டு மணி. 'இன்று சூரிய அஸ்தமனம் மாலை 4.01. உணவு 3.13-க்குள்.'

அன்று பார்த்து வானம் பூராவும் மேகம். சூரியன் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. என் கணவர் போனில் வருவதையெல்லாம் கட்டளையாக எடுத்துக்கொள்ளும் சாது. அரிசிக் கடை ஷட்டரை இறக்கிவிட்டுக் கோயிலுக்கு ஓடினார். அங்கே சமையல்கட்டில் பருப்பு அப்போதுதான் அடுப்பில் ஏறியிருந்தது. "மூணே காலுக்குள்ளயாம், மூணே காலுக்குள்ளயாம்" என்று ஒரே கூச்சல். ஒரு மணிக்குத்தான் மதியச் சாப்பாடு முடித்திருந்தவர்கள் மூன்று மணிக்கு மறுபடியும் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். வேகாத சாம்பாரை ஊற்றிக்கொண்டு, ஏப்பம் விட்டபடியே சாப்பிட்டார்கள். யோசித்துப் பார்த்தால் யாருக்கும் தெரிந்திருக்கும், ஆவணியில் நாலு மணிக்கு எந்த ஊரில் பொழுது சாய்கிறது? ஆனால் நான்கு மாதம் அந்தச் செய்தி பொய் சொன்னதில்லை. போனை நம்பி வானத்தை விட்டுவிட்டார்கள்.

நாலரைக்கு மேகம் கலைந்தது. ராஜகிரி மலைக்கு மேலே சூரியன் பளபளவென்று நின்றுகொண்டிருந்தது. சாந்திகுமார் மாமா நடுத்தெருவில் நின்று, கையை நீட்டிக் காட்டி, கலைமதிக்குப் போன் செய்தார். "இன்னாம்மா இது? இன்னும் நிக்குதே! நீ சொன்னது அதுக்குத் தெரியாதா?"

நான் பள்ளி விட்டதும் நேரே கடைக்குப் போய்க் கத்தினேன். உண்மையாகவே கத்தினேன். செருப்புக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். கலைமதி இந்தத் தடவை சிரிக்கவில்லை. "சர்வரு கடிகாரம் நம்ம நேரத்துல ஓடல, டீச்சர். உலகப் பொது நேரத்துல இருக்குது, அஞ்சரை மணி நேரம் பின்னாடி. இந்திய நேரம்னு நிரலுக்குள்ளயே ஒரு வரி போட்டுட்டேன். பிரவுசர்ல பாருங்க, லேப்டாப்லயும் பாருங்க." இரண்டிலும் 6.21 என்று இருந்தது. நானும் அரை மனதாக நம்பி வீட்டுக்கு வந்தேன்.

மூன்றாம் நாள் இரண்டு மணிக்கு வந்த செய்தி: 'இன்று சூரிய அஸ்தமனம் இரவு 9.30.'

இதை யாரும் நம்பவில்லை, அந்த மட்டுக்கும் நல்லது. ஆனால் ஊர் சிரித்தது. அக்கம்பக்கத்து ஊர்களில் இருக்கும் எங்கள் ஆட்கள் எல்லாரும் அதை வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தார்கள். கல்லூரியில் படிக்கும் என் பெண் ஜினப்பிரியா, "அம்மா, கலையக்காகிட்ட சொல்லு, இந்த டைமே இருக்கட்டும், நைட்டு பரோட்டா சாப்டலாம்" என்று அனுப்பியிருந்தாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சாந்திகுமார் மாமா அன்று மாலை ஆறேமுக்காலுக்குக் கோயிலில் கமிட்டியைக் கூட்டிவிட்டார். பேச வேண்டியது ஒரே ஒரு விஷயம். கலைமதியை வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா?

நாலரைக்குக் கடைக்குப் போனேன். கலைமதி நோட்டில் இரண்டு எண்களை எழுதி அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா பண்ணப் போற, கலை?"

"டீச்சர், நேத்து நாலு ஒண்ணு. இன்னிக்கு ஒம்போதரை. நாலு ஒண்ணோட அஞ்சரையக் கூட்டுங்க."

கூட்டினேன். 9.31. ஒரு நாளுக்கு அரை நிமிடமோ ஒரு நிமிடமோ குறைந்தால் 9.30.

"அப்போ ரெண்டும் ஒரே நேரம்தான். நேத்து சொன்னதையேதான் இன்னிக்கும் சொல்லுது, நம்ம கடிகாரத்துல. அதோட கணக்கு சரி, டீச்சர். எங்கியோ நெசமாவே அந்த நேரத்துக்குப் பொழுது சாயுது."

அந்த இடத்தில்தான் எனக்குள் இருந்த பூகோள டீச்சர் விழித்துக்கொண்டாள். நேற்று நமக்கு 6.21, அங்கே நம் நேரப்படி 9.31. மூன்று மணி பத்து நிமிட வித்தியாசம். ஒரு மணிக்குப் பதினைந்து டிகிரி. நாற்பத்தேழரை டிகிரி மேற்கே தள்ளிப் போக வேண்டும். செஞ்சி எழுபத்தொன்பதில் இருக்கிறது. "முப்பத்திரண்டு, முப்பத்தஞ்சு டிகிரி பக்கம் ஏதோ ஒரு ஊரு, கலை! அரபிக் கடலத் தாண்டி, அரேபியாவையும் தாண்டி!"

அவள் உடனே சர்வரின் கருப்புத் திரையைத் திறந்தாள். என்னென்ன அமைப்புகளோடு ஓடுகிறாய் என்று கேட்கும் கட்டளையைத் தட்டினாள். நூற்றுக்கணக்கான வரிகள் கொட்டின. அதில் இரண்டு வரிகளில் விரலை வைத்தாள். அட்சரேகை 31.7667. தீர்க்கரேகை 35.2333. வரைபடத்தில் போட்டதும் சிவப்புப் புள்ளி போய் உட்கார்ந்தது.

ஜெருசலேம்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு அவள் சிரித்தாள் பாருங்கள், மருந்துக் கடையில் மாத்திரை வாங்க வந்த அம்மாள் உள்ளே வந்து "இன்னாச்சு?" என்று கேட்டுவிட்டுப் போனாள். நானும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். எங்கள் ஜனங்கள் முந்தாநாள் வரை செஞ்சிச் சூரியனுக்கும், நேற்று ஜெருசலேம் சூரியனுக்கும் சாப்பிட்டிருக்கிறார்கள்.

நடந்தது இதுதான். ஊரின் இருப்பிடத்தை அவள் நிரலுக்குள் எழுதவில்லை. இணையப் பக்கம் இருக்கும் அறையில் ஒரு சின்ன அமைப்புக் கோப்பில் எழுதி வைத்திருந்தாள். பிரவுசர் வழியாக வருபவர்கள் முன்வாசலில் வருவார்கள், அந்தக் கோப்பைப் படித்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். கமாண்டு லைன் கொல்லைப்புறமாக வருகிறது. அதற்கு அந்தக் கோப்பு கண்ணில் படவே படாது. யாரும் ஊரைச் சொல்லாவிட்டால் அந்த மொழி தானாக எடுத்துக்கொள்ளும் ஊர் ஜெருசலேம்; அதை வளர்த்தவர்களில் சிலர் அந்தப் பக்கத்துக்காரர்களாம்.

"அப்போ உன் லேப்டாப்ல கருப்புத் திரையிலயே சரியா வந்துதே?"

"அது எங்கம்மா வூட்டு சமையல்கட்டு மாதிரி டீச்சர். உப்பு எங்கன்னு யோசிக்காமயே கை போவும். எப்பவோ செஞ்சி விலாசத்த அதுல போட்டுட்டு மறந்துட்டேன். சர்வரு மாமியாரு வூடு. அங்க உப்பு வேற எடத்துல இருக்குது." நெற்றியில் அடித்துக்கொண்டாள். "நேத்து திருத்துனப்போ நான் சர்வரு கருப்புத் திரையில ஓட்டிப் பாத்திருக்கணும். திரும்பவும் பிரவுசர்ல பாத்துட்டு சந்தோஷப்பட்டேன். எவன் அனுப்பப் போறானோ அவன் கையால ஓட்டிப் பாக்காம இன்னா டெஸ்ட்டு அது?"

ஐந்து நிமிடத்தில் செஞ்சியின் அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டையும் நிரலுக்குள்ளேயே எழுதினாள். ஊர் தெரியாவிட்டால் செய்தி அனுப்பாதே, எனக்கு மட்டும் சொல் என்று இன்னொரு வரி. பிறகு சர்வர் தானாக ஓட்டும்படி நேரம் வைத்துத் தன் போனுக்கு மட்டும் மூன்று முறை வரவழைத்தாள். மூன்று முறையும் 6.20. "நேத்து இருவத்தி ஒண்ணு, இன்னிக்கு இருவது. சரியாத்தான் கொறையுது" என்றாள்.

கோயில் கூட்டத்துக்கு நான் மட்டும் போய்ப் பேசிவிட்டு வருவதாகச் சொன்னேன். "வேணாம் டீச்சர். தப்பு பண்ணவ நானு. நான் வர்றேன்" என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். அவளைவிட எனக்குத்தான் பயம் அதிகம். அவளை இதில் இழுத்துவிட்டவள் நான்.

பதினெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். கலைமதி நின்றுகொண்டே சொன்னாள். கம்ப்யூட்டர் தப்பு, சர்வர் தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அனுப்பற எடத்துல நான் சோதிச்சுப் பாக்கல. அதனால ரெண்டு நாளு உங்களுக்கு ஜெருசலேம் நேரம் வந்துடுச்சு. வேகாத சாம்பாரு சாப்ட வச்சதுக்கு மன்னிச்சிக்கங்க."

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு பாதிப்பேர். என் கணவர் வயிற்றைத் தடவிக்கொண்டு சிரித்தார். சாந்திகுமார் மாமா மட்டும் சிரிக்கவில்லை.

"நாளைக்கு ஒரு நாளு பாக்கறேன். என் காலண்டரயும் பக்கத்துல வச்சிக்குவேன். ஒரு நிமிஷம் மாறுச்சுன்னாலும் இது வேணாம். விரதம்னா வெளையாட்டில்ல. வெளியாளுக்கு அது தெரியணும்னு நான் எதிர்பாக்கவும் முடியாது."

அந்தக் கடைசி வார்த்தைக்கு நான் எழுந்தேவிட்டேன். கலைமதி என் புடவைத் தலைப்பைப் பிடித்து உட்கார வைத்தாள்.

நான்காம் நாள் சரியாக இரண்டு மணிக்குச் செய்தி. 'செஞ்சி. இன்று சூரிய அஸ்தமனம் மாலை 6.20. உணவு 5.32-க்குள்.' நான் பெருமூச்சு விட்டு முடிப்பதற்குள் மாமாவின் போன். "ராஜமதி, காலண்டர்ல ஆறு பதினேழு போட்டிருக்குது. மூணு நிமிஷம் மாறுது. சொன்னனே!"

ஐந்தரைக்கு எல்லாரும் சாப்பிட்டு முடித்ததும் கோயில் வாசலிலேயே நியாயம் ஆரம்பித்தது. மாமா காலண்டரையே ஆணியோடு கழற்றிக் கொண்டுவந்திருந்தார். தாளாகக் கிழிக்கிற பெரிய காலண்டர், முப்பது வருடமாக அவர் கடையில் தொங்குவது. கம்பெனி ஒன்றுதான், வருடம் மட்டும்தான் மாறும். கலைமதி அதை வாங்கி, திருப்பி, அடியில் இருந்த பொடி எழுத்தைப் படித்தாள்.

"சார், இது சென்னைக்குக் கணக்குப் போட்ட காலண்டரு. சூரியன் சென்னைய தாண்டித்தான நம்மகிட்ட வருது? மூணு நிமிஷம் ஆவும்."

மாமா என்னைப் பார்த்தார். முக்கால் டிகிரிக்குக் கொஞ்சம் மேலே, டிகிரிக்கு நாலு நிமிடம், சரிதான் என்று நான் தலையாட்டினேன். அவருக்கு அது போதவில்லை. "ரெண்டு பேரும் சேந்துக்கினு பேசறீங்க. வாங்க, கண்ணாலயே பாத்துடுவோம்."

ஊருக்குள் பார்க்க முடியாது. எங்கள் ஊரில் சூரியன் மறைவதற்கு முன்னாலேயே மலை அதை மறைத்துவிடும். அதனால் நாலைந்து பைக்குகளும் வீரமணியின் வேனும் கிளம்பி, மேற்கே மலை குறுக்கிடாத ஓர் ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். இருபது பேருக்குக் குறையாது. மாமா போனில் நொடிமுள் ஓடும் கடிகாரத்தை வைத்துக்கொண்டு கரைமேல் ஏறி நின்றார். வானத்தில் ஒரு மேகம் இல்லை. கலைமதி கொஞ்சம் தள்ளி, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

6.17. சூரியன் வயலுக்கு மேலே ஒரு தட்டுப்போல முழுதாகத் தெரிந்துகொண்டிருந்தது. யாரோ "காலண்டரு நேரம் முடிஞ்சிது" என்றார்கள். 6.18. பாதி. 6.19. ஒரு கீற்று. கீற்று நூலாகி, நூலும் போயிற்று. மாமா கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஆறு இருவது" என்றார்.

எல்லாரும் கை தட்டினார்கள். வீரமணி விசில் அடித்தான். நான் கலைமதியைக் கட்டிக்கொண்டேன். ஆனால் மாமா கரையைவிட்டு இறங்கவில்லை. விரல்விட்டு ஏதோ எண்ணிக்கொண்டிருந்தார். அவர் சாதாரண மனிதர் இல்லை; வருடத்தில் முப்பது நாற்பது நாள் உபவாசம் இருப்பவர். மறுநாள் காலையில் உதயத்துக்கு இரண்டு நாழிகை கழித்துத்தான் பச்சைத் தண்ணீரே குடிப்பார். டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு, காலண்டர் நேரம் வந்த நொடியில் குடிப்பார் என்று அத்தை சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

"ஏம்மா" என்றார் மெதுவாக. "சாயங்காலம் மூணு நிமிஷம் முன்னாடி முடிச்சா தப்பில்ல. காலையில? காலையிலயும் சென்னையில நமக்கு முன்னாடியே விடிஞ்சிடுமா?"

கலைமதிக்கு அவரைக் காயப்படுத்த மனசில்லை என்று எனக்குத் தெரிந்தது. "ஆமாங்க சார்" என்றாள் கடைசியில். "அங்க விடிஞ்சி மூணு நிமிஷம் கழிச்சித்தான் நமக்கு விடியும்."

"அப்போ முப்பது வருஷமா..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. விரதத்தில் நொடி தவறாதவர் என்று பேர் வாங்கிய மனிதர், ஒவ்வொரு உபவாசத்தையும் மூன்று நிமிடம் முன்னாலேயே முடித்திருக்கிறார். கரையில் நின்ற இருபது பேருக்கும் அது புரிந்துவிட்டது. நாக்கில் ஒரு பதில் எனக்குத் தயாராக இருந்தது, வெளியாளைப் பற்றி. நல்லவேளை, கலைமதி முந்திக்கொண்டாள்.

"வேணும்னு செஞ்சீங்களா சார்? காலண்டரு எந்த ஊருக்குப் போட்டதுன்னு யாரும் உங்களுக்குச் சொல்லல, அவ்ளோதான். என் சர்வருக்கும் அதே கதிதான் ஆச்சு."

மாமா அவளை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை நாளில் அவர் அவளை நேராகப் பார்த்து நான் கண்டதில்லை. பிறகு அந்த மனிதருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் மூக்கால், அப்புறம் தோள் குலுங்க, கடைசியில் காலண்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அளவுக்கு.

"நாளையிலேர்ந்து காலையிலயும் அனுப்பும்மா, கலைமதி" என்றார். அதுவரை அவர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "எல்லாருக்கும் அனுப்பு. ஆனா மொதல்ல எனக்கு அனுப்பு. நீ சொன்னப்புறம்தான் நான் தண்ணி குடிப்பேன்."